குலுக்காத குலுக்கல்

சென்ற ஜனவரியில் நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்குக் கடைசி நிகழ்ச்சியான பரிசுக் குலுக்கல் நினைவிருக்கும். விற்ற டிக்கெட்டுகளின் மறுபாதிகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னோம். குக்கர், சுவர்க் கடிகாரம், புடவை என்று பரிசுகள் ஒவ்வொன்றாகப் போயின. பரிசு பெற்றவர்களில் பெரும்பாலோர் விழா நாளன்று வாசலில் டிக்கெட் வாங்கியவர்கள். டிசம்பரிலேயே வாங்கி வைத்த நம்மில் பலருக்கு ஒன்றும் விழவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 80. "குலுக்கல்னு பேரு வெச்சிருக்கீங்க. ஒருத்தருமே குலுக்கலையேடா" என்று சிரித்தார். சிரித்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "1969-லயும் இதேதான் நடந்தது. அன்னிக்கு விழுந்தது குக்கர் இல்லை, பட்டாளம்" என்றார்.

அன்றிரவு வீட்டில் அவர் சொன்னதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். புள்ளியியல் அறிஞன் அல்லன். எனவே கணக்கை எனக்குப் புரிந்த அளவில், எல்லோருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

குலுக்கல் ஏன் வந்தது?

1969-ஆம் ஆண்டில் அமெரிக்கா வியட்நாம் போரில் ஆழமாக இறங்கியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. விரும்பிச் சேருபவர்கள் மட்டும் போதாததால், கட்டாய இராணுவச் சேவைச் சட்டப்படி இளைஞர்களை அழைத்தார்கள். ஆண்கள் 18 வயதில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதை ஊர்தோறும் இருந்த உள்ளூர்க் குழுக்கள் தீர்மானித்தன.

இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, கல்லூரியில் படிப்பவனுக்குப் படிப்பு முடியும் வரை சேவை ஒத்திவைக்கப்பட்டது. கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவன் முதலில் போனான். இரண்டாவது, 19 வயதிலிருந்து 26 வயது வரை எப்போது கடிதம் வரும் என்று தெரியாமல் ஒருவன் காத்திருக்க வேண்டும். வேலை, திருமணம், மேற்படிப்பு எதையும் உறுதியாகத் திட்டமிட முடியாது.

இரண்டாவது குறையைத் தீர்ப்பதற்காகவே குலுக்கல் முறை வந்தது. பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு வரிசை எண் கொடுத்துவிட்டால், ஒருவன் ஓர் ஆண்டு மட்டும் அபாயத்தில் இருப்பான். அந்த ஆண்டில் அவன் எண் வரை அழைப்பு வராவிட்டால் ஏறக்குறைய தப்பித்தான். இதற்கான சட்டத் திருத்தத்தில் குடியரசுத் தலைவர் நிக்ஸன் 1969 நவம்பர் 26-ஆம் தேதி கையெழுத்திட்டார். ஐந்தே நாட்களில், டிசம்பர் 1-ஆம் தேதி, குலுக்கலும் நடந்துவிட்டது. இந்த அவசரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை

வாஷிங்டனில், கட்டாயச் சேவைத் துறையின் தலைமை அலுவலகத்தில் குலுக்கல் நடைபெற்றது. ஒரு பெரிய கண்ணாடிச் சாடி. அதில் 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஆண்டின் ஒரு தேதி எழுதிய சீட்டு. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366. 1944 ஜனவரி 1 முதல் 1950 டிசம்பர் 31 வரை பிறந்தவர்களுக்கு இக்குலுக்கல் பொருந்தும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942-இல் நடந்ததற்குப் பிறகு இதுவே முதல் குலுக்கல். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரடியாக ஒலி, ஒளி பரப்பினார்கள்.

முதல் குப்பியை நியூயார்க்கைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்டர் பிர்னி எடுத்தார். செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த அத்தனை பேருக்கும் எண் 1. அதன்பின் இளைஞர் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து எடுத்தார்கள். ஏப்ரல் 24-க்கு எண் 2. டிசம்பர் 30-க்கு எண் 3. காதலர் தினமான பிப்ரவரி 14-க்கு எண் 4. கடைசியாக எஞ்சிய குப்பியில் இருந்தது ஜூன் 8. அதற்கு எண் 366. அதற்கு முந்தைய நாளான ஜூன் 7-க்கு விழுந்ததோ 85. சில மணி நேரம் முன்னே பின்னே பிறந்ததில் இவ்வளவு வித்தியாசம்.

விடுதிக் கூடத்தில்

சித்தப்பா அப்போது மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார். விடுதியின் பொதுக் கூடத்தில் ஒரே ஒரு டி.வி. அதன் முன்னால் சுமார் முப்பது மாணவர்கள். சீட்டாட்டத்துக்கு உட்காருவது போலப் பேச்சும் சிரிப்புமாகத்தான் உட்கார்ந்தார்களாம். ஆளுக்கு ஒரு டாலர் போட்டு, மிகக் குறைந்த எண் விழுகிறவனுக்கு அந்தப் பணத்தில் மது வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

மூன்றாவது குப்பியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. டிசம்பர் 30-இல் பிறந்தவன் சித்தப்பாவின் அறை நண்பன்.

"அவன் ஒண்ணும் பேசலை. எழுந்து போய் மேஜை மேல இருந்த பணத்தை எண்ணினான். இருபத்தெட்டு டாலர். எண்ணி அங்கேயே வெச்சுட்டு வந்து உட்கார்ந்தான். யாரும் அந்தப் பணத்தைத் தொடலை" என்றார் சித்தப்பா.

"நீங்களும் டாலர் போட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுடா எண்? நான் மாணவர் விசாவுல போனவன். எனக்குச் சட்டம் கிடையாது. ஆனா என் தேதியும் வந்தது. டிசம்பர் 10. நாற்பத்தொண்ணு. என் அறை நண்பன் திரும்பிப் பார்த்து, 'உன் பிறந்த நாள் இல்லையா இது?'ன்னு கேட்டான். ஆமாம்னேன். 'நல்ல பாஸ்போர்ட்'னான். கோபமாச் சொல்லலை. அதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் இருந்த இந்தியர்களுக்கே இவ்விலக்கு. நிரந்தரமாகக் குடியேறும் அனுமதி பெற்ற இளைஞர்கள் குடியுரிமை இல்லாவிட்டாலும் பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கும் எண் உண்டு.

எண்கள் வர வரக் கூடத்தில் ஆட்கள் குறைந்தார்கள். சிலர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசப் போனார்கள். இருந்த ஒரே தொலைபேசிக்கு முன்னால் வரிசை நின்றது. ஜனவரி 1-இல் பிறந்த ஒருவனுக்கு 305 விழுந்தது. குதிக்கப் போனவன் சித்தப்பாவின் அறை நண்பனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். மறுநாள் முதல் வளாகத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால், "நலமா?" என்ற கேள்வி போய் "உன் எண் என்ன?" என்ற கேள்வி வந்துவிட்டது. எண்ணைக் கேட்டவுடன் அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது.

சிறிய எண் வந்தவர்கள் படிப்பு முடியும் வரை ஒத்திவைப்பை வைத்துக்கொண்டார்கள். பிறகு சிலர் காலாட்படைக்குப் போகாமலிருக்கத் தாங்களே கடற்படை, விமானப்படை என்று சேர்ந்தார்கள். சிலர் மாநிலக் காவல் படையில் இடம் தேடினார்கள். மனச்சாட்சிப்படி போரிட மாட்டோம் என்று விண்ணப்பித்தவர்களும், கனடாவுக்குப் போனவர்களும் உண்டு. பெரிய எண் வந்தவர்களில் சிலரோ ஒத்திவைப்பைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஓர் ஆண்டு அபாயத்தைக் கடந்துவிட்டால் பிறகு கவலை இல்லை அல்லவா? அறை நண்பன் பட்டம் பெற்றபின் கடற்படையில் சேர்ந்தான், உயிரோடு திரும்பினான்.

1970-ஆம் ஆண்டில் இந்தக் குலுக்கலின்படி எண் 195 வரை அழைத்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான பில் கிளின்டன் பிறந்தது ஆகஸ்ட் 19. அவருடைய எண் 311.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது பாடத்துக்கு வருவோம். 1 முதல் 366 வரையுள்ள எண்களின் சராசரி 183.5. குலுக்கல் சரியாக நடந்திருந்தால் எந்த மாதத்தை எடுத்தாலும், அம்மாதத் தேதிகளுக்கு விழுந்த எண்களின் சராசரி இதை ஒட்டியே சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்க வேண்டும். நடந்தது என்ன?

ஜனவரி – 201
பிப்ரவரி – 203
மார்ச் – 226
ஏப்ரல் – 204
மே – 208
ஜூன் – 196
ஜூலை – 182
ஆகஸ்ட் – 173
செப்டம்பர் – 157
அக்டோபர் – 182
நவம்பர் – 149
டிசம்பர் – 122

(சராசரிகளை முழு எண்ணாக்கித் தந்திருக்கிறேன்.)

முதல் ஆறு மாதங்களில் ஒன்றுகூட 183.5-க்குக் கீழே இல்லை. பின் ஆறு மாதங்களில் ஒன்றுகூட அதற்கு மேலே இல்லை. முதல் அரையாண்டின் சராசரி 206. பின் அரையாண்டின் சராசரி 161.

இதை ஆட்களின் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அழைப்பு 195 வரை போனது என்றேன். ஜனவரியின் 31 தேதிகளில் 14 தேதிகள் இந்த எல்லைக்குள் விழுந்தன. டிசம்பரின் 31 தேதிகளில் 26 விழுந்தன. அதாவது, டிசம்பர் குழந்தைக்கு ஜனவரிக் குழந்தையைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆபத்து.

1970 ஜனவரி தொடக்கத்திலேயே புள்ளியியல் வல்லுநர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள், செய்தித்தாளிலும் வெளிவந்தது. நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஆனால் குலுக்கல் ரத்தாகவில்லை.

காரணம் சூது அன்று, சோம்பல்

யாரும் ஏமாற்றவில்லை. குப்பிகளை நிரப்பிய விதத்தில்தான் கோளாறு. முதலில் ஜனவரிக் குப்பிகளை ஒரு மரப்பெட்டியில் போட்டார்கள். அடுத்து பிப்ரவரிக் குப்பிகளைப் போட்டு இரண்டையும் கலந்தார்கள். பிறகு மார்ச்சைப் போட்டு மூன்றையும் கலந்தார்கள். இப்படியே டிசம்பர் வரை. இதனால் ஜனவரிக் குப்பிகள் பதினோரு முறை கலக்கப்பட்டன; டிசம்பர்க் குப்பிகள் ஒரே முறை. பின்பு பெட்டியைச் சில முறை குலுக்கிக் கண்ணாடிச் சாடியில் கொட்டினார்கள். ஆண்டின் கடைசி மாதங்கள் மேலே தங்கிவிட்டன. கையை விட்டவர்களும் பெரும்பாலும் மேலாக இருந்ததையே எடுத்தார்கள்.

ரயில்வேயில் ஜல்லி வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. ஜல்லியைக் குவித்துக் கொட்டினால் பெரிய கற்கள் உருண்டு அடிவாரத்துக்குப் போகும். பொடி நடுவில் தங்கும். குவியலின் மேலே ஒரு கூடை அள்ளிப் பார்த்து, "சரக்கு இப்படித்தான்" என்று எழுதினால் அது பொய். முறை என்ன? குவியலைத் தட்டையாக்கி நான்கு பங்காக வகுக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் நன்றாகக் கலந்து மறுபடி குவிக்க வேண்டும். மறுபடி நான்காக வகுக்க வேண்டும். வேண்டிய அளவு கிடைக்கும் வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்வோம். கலத்தல் என்பது தானாக நடக்காது. அது ஒரு வேலை. இதுதான் எங்களுக்கு மூத்தவர்கள் கற்றுத் தந்த பாடம்.

இந்தப் பாடத்தை நான் எப்போதும் பின்பற்றினேனா?

எழுதத் தயங்கிய ஒன்று

1987-ஆம் ஆண்டு மழைக்காலம். நான் அப்போது பிரிவு மேற்பார்வையாளன். வெள்ளத்தில் பாதை அரித்துப்போன ஓர் இடத்துக்கு என் பிரிவிலிருந்து ஆறு கேங்மேன்களை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று வாரம் கூடாரத்தில் தங்க வேண்டும். தண்ணீர், பாம்பு, காய்ச்சல். யாரை அனுப்பினாலும் மனத்தாங்கல் வரும். ஆகவே நியாயமாக இருக்கட்டும் என்று சீட்டுப் போட்டேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து மூப்பு வரிசையில் நாற்பது பெயர்களையும் எழுதி, மடித்து மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். டப்பாவை ஒரு தடவை ஆட்டினேன். ஆறு சீட்டு எடுத்தேன்.

ஆறில் ஐந்து பேர் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பையன்கள்.

அவர்களில் ஒருவன் மட்டும், "சாஹிப், எங்கள் பெயர்கள் எல்லாம் மேலேயே இருந்தன போலிருக்கிறது" என்று இந்தியில் சொன்னான். "சீட்டில் வந்தது, நான் என்ன செய்ய?" என்று பதில் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவன் மலேரியாக் காய்ச்சலோடு திரும்பினான். ஒரு மாதம் படுத்திருந்தான். பிறகு தேறி வேலைக்கு வந்தான். அதைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவன் சொன்னது சரிதான் என்பது சித்தப்பாவின் கதையைக் கேட்ட இரவில்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் எழுதிய பெயர்கள் மேலே கிடந்தன. நான் சூது செய்யவில்லை. ஆனால் "சீட்டில் வந்தது" என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. டப்பாவைச் சரியாகக் குலுக்கியவனுக்கே அந்த வார்த்தை சொந்தம்.

பிறகு எப்படித் திருத்தினார்கள்?

1970 ஜூலை 1-ஆம் தேதி, 1951-இல் பிறந்தவர்களுக்காக அடுத்த குலுக்கல் நடந்தது. இம்முறை தேசிய அளவைத் தர நிலையத்தின் உதவியைப் பெற்றார்கள். ஒரு சாடிக்குப் பதில் சுழலும் உருளைகள் இரண்டு. ஒன்றில் 365 தேதிகள். மற்றொன்றில் 1 முதல் 365 வரை எண்கள். எந்த வரிசையில் உள்ளே போடுவது என்பதைக்கூடச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்பே தீர்மானித்தார்கள். ஓர் உருளையிலிருந்து ஒரு தேதி, மற்றொன்றிலிருந்து ஓர் எண் எடுத்து இரண்டையும் சேர்த்தார்கள். ஓர் உருளையில் கலவை சற்றுக் குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். அன்று ஜூலை 9-க்கு எண் 1 விழுந்தது. அந்தக் குலுக்கலின்படி 125 வரை அழைத்தார்கள். கல்லூரியில் புதிதாகச் சேருபவர்களுக்கான ஒத்திவைப்பு 1971-இல் நீக்கப்பட்டது. 1973-இல் கட்டாய அழைப்பே முடிவுக்கு வந்தது.

அந்தப் போரில் 58,000-க்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் இறந்தனர். வியட்நாம் மக்கள் இறந்தது அதைவிடப் பல மடங்கு. குலுக்கலை எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் இந்த எண்ணிக்கை குறைந்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. குலுக்கலால் சுமையை நியாயமாகப் பங்கிட முடியும். சுமையே நியாயமானதா என்று அது சொல்லாது. அந்தக் கேள்வியை மனிதர்கள்தாம் கேட்க வேண்டும்.

இளம் வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

31 சிறு சீட்டுகளில் 1 முதல் 31 வரை எழுதி மடியுங்கள். 1-ஐ முதலில் போட்டு வரிசையாக ஒரு சொம்பில் நிரப்புங்கள். இரண்டே முறை ஆட்டிவிட்டு மேலாகப் பத்துச் சீட்டுகள் எடுங்கள். அவற்றின் சராசரியைக் கண்டுபிடியுங்கள். நன்றாகக் கலந்திருந்தால் 16-ஐ ஒட்டி வரும். ஒருமுறை 20-ஐத் தாண்டினால் தற்செயல் எனலாம். வரிசையாக நிரப்பி ஐந்து முறை செய்து ஐந்திலும் தாண்டினால், சொம்பு உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று பொருள். பிறகு சீட்டுகளை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, இரு கையாலும் நன்றாக அளைந்து, மறுபடி சொம்பிலிட்டு எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

முடிக்குமுன் ஒரு செய்தி. சித்தப்பாவும், அந்த அறை நண்பரும், ஜனவரி 1-இல் பிறந்தவரும் இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 1-ஆம் தேதியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். இப்போது ஈ-மெயில். கீழே பெயருக்குப் பதில் எண்ணைத்தான் போடுவார்களாம்: 3, 305. சித்தப்பா 41 என்று போட்டால், "உனக்கு அந்த எண்ணுக்கு உரிமை இல்லை" என்று 3-ஆம் எண்காரர் கேலி செய்வாராம். "அவன் கேலி பண்றான். ஆனா 305 இருக்கானே, அவன் மட்டும் இன்னிவரைக்கும் அந்த ராத்திரியைப் பத்தி ஒரு வரி எழுதினதில்லை" என்றார் சித்தப்பா.

அடுத்த பொங்கல் விழாவுக்கு, கைப்பிடி வைத்துச் சுழற்றக்கூடிய தகர உருளை ஒன்று செய்து தருவதாக நம் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். குக்கர்தானே என்று நினைக்க வேண்டாம். குலுக்கிப் பழகுவதற்குக் குக்கர் நல்ல இடம்.